ஒழுகுவதற்கென்று ஒரு துளை

ஹெரால்டுக்கு பானட் முன்பக்கமாய்ச் சாயும்.
மட்கார்டு, விளக்கு, கிரில் எல்லாவற்றோடும்
மொத்தமாய்க் கவிழ்ந்துவிடும்.
பிறகு முன்சக்கரத்தின் மேலேயே உட்காரலாம்,
மீன் ஆய உட்காரும் வாகில்.

அரியாங்குப்பம் பாலத்தில் ஆவி கிளம்பி
கயிறு கட்டி இழுத்து வந்து மூன்று நாள்.
வைத்திக்குப்பத்துக் கடல்காற்று
கழற்றிய நட்டையெல்லாம் இரவோடிரவாக மஞ்சளாக்கும்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி
முக்கி வைத்தேன்.

விசிறியைப் பிடித்து அசைத்தேன்.
விழப்போகும் பல் மாதிரி ஆடியது.
மூன்று போல்ட் சொன்னபடி கேட்டன.
நாலாவதுக்கு மட்டும்
ஒரு மத்தியானம், ஒரு மெழுகுவத்தி,
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்கக் கூடாத சில வார்த்தைகள்.

பம்ப் கையில் வந்தது.
இம்பெல்லரின் இதழ்கள்
டீயில் முக்கி மறந்த பொறை.
எங்கள் போர் தண்ணீரை எட்டு வருடம் சுழற்றியதில்
உப்பு அதைத் தின்றிருந்தது.
இதயம் என்று எழுதத் தோன்றும். எழுதவில்லை.
இது பம்ப்.

அதன் அடிவயிற்றில் ஒரு துளை இருக்க வேண்டும்,
துவரம்பருப்பு அளவு.
சீல் தேய்ந்தால் அவ்வழியே சொட்டும்.
சொட்டினால் யாராவது பார்ப்பார்கள்.
ஒழுகுவதற்கென்றே வார்த்தவன் விட்ட வழி.
அதில் எம்-சீல்.
நன்றாகப் பிசைந்து, அழுத்தி, விளிம்பு தடவி.

வெளியே போக முடியாத தண்ணீர்
பேரிங்குக்குள் போயிருக்கிறது.
கிரீஸைக் கழுவி, குண்டுகளைத் துருவாக்கி,
வெளியே ஒரு சொட்டும் தெரியாமல்.

முதலில் வண்டியை விற்ற சொல்தா லெயோனைத் திட்டினேன்.
"ஒரு சொட்டு ஒழுகாது மதாம்" என்றவர் அவர்தானே.
பிறகு நெல்லித்தோப்பு மெக்கானிக்கை.
பிறகு, வழக்கம்போல், வீட்டுக்காரரை.
அவர் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னார்:
"நான் அந்த வண்டியில ஹாரன்கூட அடிச்சதில்லை."

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன்.
மேல்புறம் கட்டைவிரல் ரேகை, கல்லாய்ப் போய்.
ரேகைக்குக் குறுக்கே மெல்லிய வரப்பு.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வஞ்சிரம் ஆயும்போது
அரிவாள்மனை போட்ட வெட்டு எனக்குண்டு.
விரலை வைத்தேன்.
பொருந்தியது.

அது தை மாதம்.
மஞ்சக்குப்பத்துச் சம்பந்தி வீட்டார்
பதினொரு மணிக்கு வருகிறார்கள்.
கழுவிவிட்ட மொசைக்கில், வண்டிக்கடியில்,
ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம்.
துடைத்தேன். மறுபடி ஈரம்.
பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படுத்தேன்.
அன்று வீட்டில் ஒழுகிய வேறு சிலவற்றையும்
அதே கையால்தான் அடைத்தேன்.
"உனக்குச் சம்மதந்தானே" என்று
பூங்கோதையைக் கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அந்துவான் தன் லேத்தில்
அம்பாசடர் சீலைக் கடைந்து
ஹெரால்டுக்கு ஒப்பேற்றித் தந்தார்.
பேரிங் புதிது. இம்பெல்லர் புதுப்பேட்டைச் சரக்கு.
கேஸ்கட் வெட்ட அட்டை தேடினேன்.
பரணில் கல்யாணப் பத்திரிகை மீந்தது ஒரு கட்டு இருந்தது,
சரியான கனம்.
எடுத்தேன். பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டு
கடையில் ஷீட் வாங்கினேன்.

"புது சீல், பழகற வரைக்கும் ரெண்டு சொட்டு விடும்" என்றார் அந்துவான்.
"பயந்துகிட்டு அடைச்சிடாதீங்க."

விடிகாலையில் ஸ்டார்ட் செய்தேன்.
பூங்கோதை மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.
எட்டு மாதமாய் மேலேதான் இருக்கிறாள்.
தெருவுக்கு "லீவு" என்று சொல்லியிருக்கிறோம்.
குனிந்து பார்த்தாள்.
"அம்மா, ஒழுகுது."
"ஒழுகட்டும்."

அவள் எழுந்து போகவில்லை.
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்
அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாவியைத் திருப்பி அணைத்தேன்.
தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும்,
ஆனால் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.
நேரமாகும்.
பிறகு ஈரத்துணி போட்டுக் கால் சுற்று,
அதற்கு மேல் இல்லை.
உள்ளே இருப்பது உஸ்ஸென்று
தன்பாட்டுக்குச் சொல்லி முடிக்கும்வரை
கையை எடுக்கவும் கூடாது,
அழுத்தவும் கூடாது.